நாங்கள் மாற்றிய பெயர்கள்

திருவனந்தபுரத்துத் தமிழ்க் கடைத்தெருவான ஆரியசாலையில் பெருங்காய மொத்தக்கடை வைத்திருந்த என் சித்தப்பா சுப்பையா வாழ்நாளில் ஒருமுறைகூட மலை ஏறியதில்லை. கடையிலிருந்து பக்கத்துக் கிழக்கேகோட்டைக்கு நடக்கச் சொன்னாலே மூட்டு வலிக்கிறது என்பார். ஆனால் ஒரு மானிடவியல் புத்தகத்தில் அவர் மலைக்குடி ஒன்றின் தலைவர். மிளகுக்கொடி படர விடுகிறார், தேன் எடுக்கிறார், தாத்தா காலத்திலிருந்து பயிர்செய்த நிலத்தின் எல்லையைக் கை நீட்டிக் காட்டுகிறார். உண்மையான தலைவருக்கு அந்தப் பெயரை வைத்தவள் நான்தான். சிரித்துக்கொண்டே வைத்தேன் என்பதை இன்று நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது.

எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக மானிடவியல் துறையில் டைப்பிஸ்டாகச் சேர்ந்தேன். துறையின் பேராசிரியையை எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். திருவனந்தபுரத்தில் ஒன்றாம் வகுப்பு எடுத்தாலும் எம்.ஏ. வகுப்பு எடுத்தாலும் பெண் என்றால் டீச்சர்தான். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் அதற்காக நடந்த சண்டையெல்லாம் முடிந்து, எல்லாரும் சலித்துப்போன வயதில் எனக்குப் பழக்கமானார். மாதத்தில் பாதி நாள் ரப்பர் செருப்போடு மலையில் இருப்பார். மீதி நாள் அங்கே பதிவுசெய்த டேப்புகளோடு என் தலையில் வந்து விழுவார். மலைமக்களின் பேச்சு தமிழும் மலையாளமும் கலந்தது. எங்கள் கடைத்தெருப் பேச்சும் ஏறக்குறைய அப்படித்தான். "மத்தவாளுக்கு இது புரியாதுடி. ஒன் காதுலதான் ஏறும்" என்று சொல்லி டேப் ரெக்கார்டரை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஏழெட்டு வருஷம் அது அங்கிருந்து நகரவே இல்லை.

அவருடைய ஆராய்ச்சி முறை மற்றவர்களுக்குக் கேலியாக இருந்தது. எண் இல்லை, அட்டவணை இல்லை. "கேள்வித்தாளோட போனா பதில் சொல்லுவா. சும்மா போய் ஒக்காந்தா கதை சொல்லுவா. நமக்குக் கதைதான் வேணும்" என்பார். அப்படி உட்கார்ந்து உட்கார்ந்துதான் அந்தக் குடியின் நிலக்கதை முழுவதையும் சேர்த்தார். எந்தப் பலாவை யார் நட்டது, எந்தப் பாறைக்குக் கீழே யாரைப் புதைத்தது, பக்கத்து ரப்பர் எஸ்டேட்காரர் எந்த வருஷம் வேலியை எவ்வளவு தள்ளிப் போட்டார், எல்லாமே அந்தந்த மனிதர்களின் வாயாலேயே டேப்பில் இருந்தன. டைப் அடித்து அடித்து எனக்கு விரல் நுனி மரத்துப்போனது. கோபம் வந்தால் மெஷினை ஓங்கி அடிப்பேன், அடுத்த அறையிலிருந்து டீச்சர், "ராட்சசி, மெதுவா!" என்று கத்துவார்.

அச்சுக்குப் போகுமுன் பெயர்களை எல்லாம் மாற்றவேண்டும் என்றார். மானிடவியல்காரர்களின் தொழில்தர்மம் அது. அதற்குக் காரணமும் இருந்தது. முன்பு வேறு யாரோ எழுதிய கட்டுரையில் தகவல் சொன்னவரின் பெயர் அப்படியே வந்து, நிலத்தைப் பிடித்தவர்கள் ஆள் வைத்து அவரை அடித்துவிட்டார்கள். கை ஒடிந்து கிடந்த அந்த மனிதரை டீச்சர் நேரில் போய்ப் பார்த்திருந்தார். அதனால் மனிதர்களின் பெயர் மட்டும் போதாதென்று குடி, ஓடை, பாறை எல்லாவற்றின் பெயரையும் மாற்றச் சொன்னார். "அங்கே புழங்காத பேரா வைடி." அங்கே புழங்காத பெயருக்கு நான் எங்கே போவேன்? எங்கள் தெருக்காரர்களைத்தான் மலைக்கு அனுப்பினேன். புத்தகம் வந்ததும் அசல் பெயர்ப் பட்டியலையும் முதலில் அடித்த தாள்களையும் டேப்புகளையும் துறைக்குப் பின்புறம் ஒரு தார் டின்னில் போட்டு எரித்தோம். தீக்குச்சி கிழித்தது நான். "இனிமே இவாளை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் டீச்சர். அவ்வளவு நிம்மதியாக அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

சில வருஷம் கழித்து, மலைமக்களிடமிருந்து போன நிலத்தைத் திரும்பக் கேட்கலாம் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஒருநாள் காலையில் குடித்தலைவர் துறை வாசலில் வந்து நின்றார். பட்டாவோ ரசீதோ அவர்களிடம் ஒரு துண்டுகூடக் கிடையாது. எஸ்டேட்காரரோ, தான் ரப்பர் வைக்கும்வரை அது வெறும் காடு என்று எழுதிக் கொடுத்திருந்தார். தலைவர் கவலையே படவில்லை. "நம்ம சங்கதி மொத்தம் டீச்சர்கிட்ட எழுத்துல உண்டல்லோ" என்றார். டீச்சரும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

விசாரணை தாலுகா ஆபீசில் நடந்தது. அதிகாரி நல்ல மனிதர். புத்தகத்தைப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சரே, இதில் இவருடெ பேரு எவிடெ?" என்று கேட்டார். சுப்பையா என்று இருப்பது இவர்தான் என்றார் டீச்சர். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "சுப்பையாவோ? அது ஆரியசாலைப் பேராக்கும் சாரே!" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. ஓடையின் பெயரும் பாறையின் பெயரும் சர்வே வரைபடத்தில் இல்லை. அசல் பட்டியலைக் கேட்டார்கள். எரித்துவிட்டோம் என்றார் டீச்சர். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, பெயர்களை மாற்றியது நான்தான், ஒவ்வொன்றையும் இப்போதே சொல்கிறேன், சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன் என்று கத்தினேன். அதிகாரி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மோளே, நீ சொல்றது சத்தியந்தான். பட்சே எனிக்கு ஒரு காகிதம் வேணுமே" என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் தலைவர் பீடி பற்றவைத்தபடி நின்றார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். "நாங்க ஆருக்கும் பயந்து ஒளிஞ்சு இருந்ததில்லையே டீச்சரே. பேரு சொல்லி விளிச்சா வந்து நிப்போம். பின்னே எதுக்கு எங்கள மறைச்சீங்க?" என்றார். உங்களை அடித்துவிடுவார்களே என்று பயந்தேன் என்றார் டீச்சர். தலைவர் பீடிச் சாம்பலைத் தட்டினார். "அடிச்சா நாலு நாள்ல ஆறிப்போகும்" என்றார்.

கேஸ் தோற்றது. அடுத்த மழைக்கு முன் அந்தக் குடியைக் காலி செய்யவைத்தார்கள். சிலர் இன்னும் மேலே போனார்கள். சிலர் கூலி வேலைக்கு இறங்கினார்கள். டீச்சர் ஓய்வு பெறும்வரை வகுப்பெடுத்தார், அவ்வளவுதான். மலைக்குப் போகவில்லை, புதிதாக ஒரு வரி எழுதவும் இல்லை. அந்தப் புத்தகத்தையோ ஊர் ஊராகப் பாடமாக வைத்தார்கள். தகவல் சொன்னவர்களைக் காப்பாற்றுவது எப்படி என்பதற்கு அது முன்மாதிரியாம்! கேட்டால் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றும்.

ஓய்வு பெற்றபின் ஒருநாள் டீச்சர் என்னை ஸ்ரீவராகத்து வீட்டுக்குக் கூப்பிட்டார். எதற்கும் பயன்படாது என்று இருவருக்கும் தெரிந்தே, உண்மைப் பெயர்களை நினைவிலிருந்து டைப் அடித்தோம். ஒன்றொன்றாக வந்துவிட்டன. ஒரே ஒரு பெண்ணின் பெயர் மட்டும் வரவில்லை. புத்தகத்தில் அவள் பிச்சம்மாள். தன் அம்மாவைப் புதைத்த இடத்தைக் காட்டி எல்லை சொன்னவள். நான் ஒரே ஒரு தடவை மலைக்குப் போனபோது என் சிக்குப் பிடித்த தலையை வாரிவிட்டவள். "நாக்கு நுனியில நிக்கறதுடி" என்று டீச்சர் அன்று முழுவதும் தவித்தார். போய்க் கேட்டுவிட்டு வரலாம் என்றேன். "எந்த மூஞ்சியோட போறது?" என்றார். அந்த இடத்தைக் காலியாக விட்டோம். டீச்சர் போய்ச் சேர்ந்தபோதும் அது காலியாகத்தான் இருந்தது.

இப்போது கழக்கூட்டம் என்ற புறநகரில் மகனுடைய ஃப்ளாட்டில் இருக்கிறேன். போன மாதம் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எப்படியோ என் நம்பரைப் பிடித்து ஃபோன் செய்தாள். இனிமையான பெண். புத்தகத்தை வரிவரியாகப் படித்திருக்கிறாள். கடைசியில் தயங்கித் தயங்கி, பிச்சம்மாளின் நிஜப் பெயர் என்ன என்று கேட்டாள். மறந்துவிட்டது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதைச் சொல்லக்கூடாது அம்மா என்றேன்.

"இவ்வளவு வருஷம் கழிச்சும் அவங்களைக் காப்பாத்துறீங்களே ஆன்ட்டி" என்றாள்.