சத்தத்தில் வளர்ந்த சுண்டு

நாய்க்குட்டி பயமில்லாமல் வளர வேண்டுமென்றால், அதை வளர்த்து விற்கிறவன் நாளுக்கு ஒரு தடவையாவது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் தொழில் அப்படி. குட்டி நாய்க்குச் செருப்பையும் மூக்குக் கண்ணாடியையும் பறிகொடுத்த அன்பர்களே, நாமெல்லாம் ஒரே வார்டில் படுத்திருக்கிற நோயாளிகள். அதனால் கூச்சமில்லாமல் சொல்கிறேன்.

திருவொற்றியூரில், கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற சாலையை ஒட்டி என் வீடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். இருபது வருஷமாக லேப்ரடார் குட்டிகள் வளர்க்கிறேன். இப்போதிருக்கிற தாய் ராணி குரைத்தால் துறைமுகத்தில் நங்கூரம் தானாக இறங்கும். என் மனைவி சரோஜா இதை நம்பமாட்டாள், நீங்களாவது நம்புங்கள். போன ஈற்றில் ராணி ஏழு போட்டாள். ஏழாவது, சுண்டைக்காய் சைஸ். அதனால் பெயர் சுண்டு. எல்லா அதிர்ச்சியும் இவனால்தான்.

தட்டுப் பாடம்

குட்டி பிறக்கும்போது கண்ணும் மூடியிருக்கும், காதும் மூடியிருக்கும். இரண்டு வாரத்தில் கண் திறக்கும், மூன்றாவது வாரத்தில் காது. அங்கிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைக்கும் அது எதைப் பார்க்கிறதோ, எதைக் கேட்கிறதோ, அதுதான் அதற்கு உலகம். அந்தக் கெடுவுக்குள் அறிமுகமாகாதது எல்லாம் பின்னால் பேயாகத் தெரியும். அதனால் குட்டிகள் பால் குடிக்கிற நேரத்தில் நான் தூரத்தில் ஒரு கரண்டியைக் கீழே போடுவேன். மறுநாள் தட்டு. அதற்கு மறுநாள் தட்டும் நானும் கொஞ்சம் கிட்டே. வயிறு நிறைகிறபோது வருகிற சத்தத்துக்கு யார் பயப்படுவார்கள்?

நாலாவது வாரம், வாசலில் நின்ற ஒரு டிரெய்லரின் டயர் வெடித்தது. சத்தியமாகச் சொல்கிறேன், எண்ணூர் வரைக்கும் காக்கா பறந்தது. ஏழு குட்டியும் ஒரு நொடி தலையைத் தூக்கிப் பார்த்தன, மறுபடி கிண்ணத்தில் வாயை வைத்தன. நான் எங்கே இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சரோஜா குனிந்து பார்த்துச் சொன்னாள்: "குட்டிங்கோ பால் குடிச்சு முட்சிட்சி. நீ கட்டிலுக்கு அடிலேந்து வெளிய வா."

மூட்டைகளுக்கு நடுவே நடைப்பயிற்சி

அஞ்சாவது வாரம் தங்கராஜ் அண்ணாச்சி வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ராயபுரத்தில் மிளகாய், மல்லி மொத்த வியாபாரம். ஆள் ஆறடி, மீசை அரையடி. அவருக்குச் சர்க்கரை, தினமும் நடந்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் போன வருஷம் ஒரு தெரு நாய் அவர் கெண்டைக்காலைப் பதம் பார்த்ததிலிருந்து மனுஷர் தெருவில் கால் வைப்பதில்லை. குடோனில் மிளகாய் மூட்டைகளுக்கு நடுவே நடப்பார். ஒரு சுற்றுக்கு நாற்பது தும்மல். சர்க்கரை இறங்கவில்லை, மூக்குதான் வீங்கியது. குட்டியிலிருந்தே ஒரு நாயோடு பழகினால் பயம் தெளியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெளியே சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அதனால்தான் உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

இருப்பதிலேயே சின்னது என்று சுண்டுவைத் தேர்ந்தெடுத்தார். அன்றைக்கே வேண்டும் என்றார். எட்டு வாரம் ஆகாமல் தரமாட்டேன் என்றேன். அண்ணன் தம்பியைக் கடித்து, அது கத்தி, விளையாட்டு நின்றுபோய், அப்படித்தான் குட்டி எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்ற கணக்கைக் கற்றுக்கொள்ளும். தாயும் கூடப்பிறந்ததும் சொல்லித்தருகிற பாடம் இது, மனுஷன் சொல்லித்தர முடியாது. அண்ணாச்சி நம்பாமல், கண்ணை மூடிக்கொண்டு ஒரு விரலை நீட்டினார். சுண்டு பால்பல்லால் சும்மா ஒரு முத்தம் வைத்தான். அண்ணாச்சி மாமரத்தடி வரைக்கும் பின்னால் பாய்ந்து, விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "பெரியவரே, இது பால் குடிக்க வாயா, இல்ல கோணி ஊசி டப்பாவா?"

ஏலத்துக்கு வந்தவன்

குட்டிகள் பலவகை மனுஷர்களைப் பார்க்க வேண்டும். தாடி, ஹெல்மெட், மழைக்கோட்டு, பர்தா, ஊன்றுகோல், எல்லாம். வருகிறவர்கள் செருப்பை வெளியே விட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் குட்டியைத் தொடலாம். ஊசி போட்டு முடியாத பிஞ்சுகள். எனக்கு ஆள் பிடித்துக் கொடுப்பது பக்கத்து வீட்டு திரேசா, காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கிறவள். விடிகாலையில் காலிக் கூடையோடு வந்து, வாசலிலேயே நின்று ஒரு டீ குடித்துவிட்டு ஆட்டோ ஏறுவாள்.

ஆறாவது வாரத்தில் ஒருநாள், காலைக் கஞ்சிக்கு எண்ணினால் ஆறு குட்டிதான் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குள் டார்ச் அடித்தேன், சாக்கடைக்குள் கையை விட்டேன், லாரிக்கு அடியில் படுத்தே பார்த்தேன். சுண்டு இல்லை. அண்ணாச்சிக்கு என்ன சொல்வது என்று நான் தலையில் கை வைத்து உட்கார்ந்தபோது போன் அடித்தது. பின்னணியில் நூறு பேர் கத்துகிறார்கள், ஐஸ் உடைக்கிறார்கள், விசைப்படகு உறுமுகிறது. அதற்கெல்லாம் மேலே திரேசாவின் குரல்: "நைனா, உன் சுண்டு என் கூடைல பட்துகினு வந்துட்சி! தரைல வுடல, பெட்டி மேலயே வச்சிகினு கீறேன். வஞ்சிரத்துக்குப் பக்கத்துல கொறட்ட வுட்டுகினு கீது, ரெண்டு பேரு வெல கேட்டுட்டானுங்கோ!"

பதினோராவது மாடி

எட்டு வாரம் முடிந்து சுண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனான். "இவன் பயப்படுகிற பொருள் உலகத்தில் இன்னும் தயாராகவில்லை" என்று என் மீசையைத் தொட்டுச் சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் அண்ணாச்சி போனில் கிசுகிசுத்தார்: குட்டி சோபாவுக்கு அடியில் போனது, வெளியே வரவில்லை. நடுங்குகிறது. கிண்ணத்தை அடியில் தள்ளினால் நாலு வாய் தின்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் தேறாவிட்டால் திருப்பிக் கொண்டுவந்து விடுவதாக அவர் மனைவி முடிவு செய்துவிட்டார். பன்னிரண்டு வாரக் கெடுவில் மிச்சமிருப்பது நாலு வாரத்துக்கும் குறைவு. அதை சோபாவுக்கு அடியில் கழித்தால் சுண்டு ஆயுசுக்கும் பயந்தாங்கொள்ளி. அண்ணாச்சியும் ஆயுசுக்கும் மிளகாய் மூட்டைக்கு நடுவில்தான்.

பெரம்பூர் பக்கம் புது அடுக்குமாடி, பதினோராவது மாடி. உள்ளே போனேன், கதவு சாத்திக்கொண்டது. எனக்கே காது அடைத்துக்கொண்டது. தூசிக்காக எல்லா ஜன்னலுக்கும் இரட்டைக் கண்ணாடி. மிக்சி இல்லை, ஹாரன் இல்லை, காக்கா கூட இல்லை. கீழ்வீட்டுக்காரர்கள் புகார் செய்ததால் அண்ணாச்சியும் ரகசியக் குரலில்தான் பேசுகிறார். நான் லாரியைப் பழக்கினேன், தாடியைப் பழக்கினேன், டயர் வெடிப்பதைக் கூடப் பழக்கினேன். நிசப்தம் என்று ஒன்று இருப்பதே எழுபத்திரண்டு வயதான எனக்கு ஞாபகம் வரவில்லை. எங்கள் சாலையில் அது கிடைத்தால் அல்லவா பழக்குவேன்! அண்ணாச்சி மனைவி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இங்கதான் ஒண்ணுமே இல்லியே அய்யா, பின்ன எதப் பாத்து இது பயப்படுது?"

போனில் மிளகாய் விலை

எங்கள் தெருச் சத்தத்தைச் செல்போனில் பதிந்துகொண்டு மறுநாள் போனேன். போட்டேன். சோபாவுக்கு அடியில் ஒரு காது ஆடியது, அவ்வளவுதான். காசிமேட்டு ஏலத்திலேயே தூங்கினவனை டப்பாச் சத்தத்தால் ஏமாற்ற முடியுமா? சனிக்கிழமை வேறு, விடிந்தால் ஞாயிறு. நான் குட்டியைக் கையோடு கொண்டுபோய்விடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, கடையிலிருந்து அண்ணாச்சிக்குப் போன் வந்தது. வந்திறங்கிய மிளகாய் பாதி ஈரமாம். அண்ணாச்சிக்கு மாடி மறந்தது, கீழ்வீட்டுக்காரர் மறந்தது. "எவம்லே அத எறக்கச் சொன்னது?" என்று போட்டார் ஒரு சத்தம். இரட்டைக் கண்ணாடி அதிர்ந்தது. இதையும் நம்புங்கள்.

சோபாவுக்கு அடியிலிருந்து சுண்டு வெளியே வந்தான். சோம்பல் முறித்தான். நேராக நடந்து போய் அண்ணாச்சியின் பாதத்தில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். அண்ணாச்சியின் முகம் பச்சை மல்லி நிறத்துக்கு மாறியது. காலை இழுக்கவும் பயம், கத்துவதை நிறுத்தினால் குட்டி எழுந்துவிடுமோ என்று அதற்கும் பயம். வேர்க்க வேர்க்க, சிலை மாதிரி நின்றபடி, மிளகாயிலிருந்து மல்லிக்கு, மல்லியிலிருந்து மஞ்சளுக்கு, விலை சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் மனைவி வந்து அவர் காதிலிருந்து போனை மெல்ல எடுத்துப் பார்த்துச் சொன்னார்: "அந்தாளு போன வச்சு அரை மணி நேரமாச்சு. நீங்க நாயிக்குத்தான் வெல சொல்லிக்கிட்டு நிக்கீங்க."

தெருவில் இரண்டு பேர்

அதற்குப் பிறகு நான் சொன்னது ஒன்றுதான்: தினமும் சாப்பாட்டு வேளையில் விலை சொல்லுங்கள், ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் மெதுவாக. கையில் தூக்கிக்கொண்டு பால்கனியில் நில்லுங்கள், லிஃப்டில் இறங்கி வாசலைக் காட்டுங்கள், தரையில் மட்டும் விடாதீர்கள். முதல் நாள் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் தூக்கினாராம். பன்னிரண்டாவது வாரம் முடிவதற்குள் அண்ணாச்சி வாயை மூடினாலும் சுண்டு தூங்கினான்.

ஊசியெல்லாம் போட்டு முடிந்த பிறகு, ஒரு காலையில் சொல்லாமல் போனேன். அடுக்குமாடிக்கு வெளியே, டீக்கடை ஓரம், மூன்று தெரு நாய்கள் படுத்திருக்கின்றன. அவற்றைத் தாண்டி, ஆறடி அண்ணாச்சி கையில் கயிறோடு நடந்து வருகிறார். நெற்றியில் வேர்வை, உதடு மட்டும் அசைகிறது. பக்கத்தில் சுண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி நிதானமாக. தெரு நாய் ஒன்று தலையைத் தூக்கியது. அண்ணாச்சி நின்றார். சுண்டு அதைப் பார்த்தான், கொட்டாவி விட்டான், மேலே நடந்தான். அண்ணாச்சியும் நடந்தார். என்னை மறந்து "அண்ணாச்சி!" என்று கிரேன் காலத்துக் குரலில் கத்திவிட்டேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்: "அங்கனயே நில்லும் பெரியவரே, மெதுவாப் பேசும்; எங்க ரெண்டு பேத்துக்கும் இப்பத்தான் பயம் தெளிஞ்சு வருது."

இப்போது அடுத்த ஈற்றுக் குட்டிகளுக்காக, விம்கோ நகரில் ஒரு நண்பரின் பூட்டிய குடோனில் தினமும் அரை மணி நேரம் யாரும் பேசாமல் உட்காருகிற பாடத்தையும் சேர்த்துவிட்டேன்; குட்டிகள் எல்லாம் முதல் வாரத்திலேயே பாஸ், நான் மட்டும்தான் இன்னும் அரியர்.