மூன்றாம் பாகம் பெடாஸில் இருந்தது

ஜப்பான் மணி காலை ஏழு. நிஜ மணி ஐந்தரை. தோக்கியோவில் சூரியன் எழுந்துவிட்டால் சிரம்பானிலும் எழுந்துவிட்டதாக நாங்கள் ஒப்புக்கொள்ள வேண்டிய காலம் அது. ஊரைப் பிடித்து ஆண்ட ஜப்பான்காரர்கள் கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். வருஷத்தையும் சும்மா விடவில்லை. ஜப்பான் கணக்குப்படி 2604 என்று கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். நான் பள்ளிக்கூடத்து டீச்சர், தினமும் எழுதினேன். அதனால் அந்தத் தை மாதத்து இருட்டில், லோபாக் கடைவரிசை முனையில் மாட்டுவண்டிக்காகக் காத்து நின்றபோது, விடியாத காலையில், இன்னும் பிறக்காத ஏதோ ஒரு வருஷத்தில் நிற்பதாக ஒரு மயக்கம் எனக்கு. பசியும் ஒரு காரணம்.

போன காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு கதையின் முடிவைக் கொண்டுவரப் போனேன்.

என் அக்கா ராசம்மாவின் புருஷனை, அதாவது என் அத்தானை, சியாம் ரயில்பாதை வேலைக்கென்று லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அதன்பிறகு அக்கா பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்து ஒரு நாள் நிறுத்தியே விட்டாள். கிழங்கை முன்னால் வைத்தால் இரண்டு வாய். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், அவ்வளவுதான். அப்படி இருந்தவள் அதற்கு முந்தின வாரம் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்:

"தனம், கோமளம் புருஷன் வந்தானா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கோமளம் எங்கள் தெருப் பெண் அல்ல. ஒரு நாவலில் வருகிறவள். அட்டை எப்போதோ கிழிந்துபோனதால் அந்தப் புத்தகத்தின் பெயர் யாருக்கும் தெரியாது. கப்பல் நின்றபிறகு ஊரிலிருந்து ஒரு பத்திரிகைகூட வருவதில்லை. இருப்பதைத்தான் எல்லோரும் படித்தாக வேண்டும். அதற்காக எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. தடித்த புத்தகம் கிடைத்தால் தையலைப் பிரித்து மூன்று பாகமாக்குவார்கள். மூன்று இடத்தில் ஒரே சமயத்தில் படிப்பார்கள். பிறகு போகிற வருகிற ஆள் மூலம் மாற்றிக்கொள்வார்கள். கோமளத்தின் கதையில் முதல் பாகம் லோபாக்கில் எங்கள் வீட்டுக்கு வந்தது. அத்தான் வாசிக்க, அக்கா கேட்டாள். நடுப்பாகம் மம்பாவ் தோட்டத்துக்கும், கடைசிப் பாகம் பெடாஸ் தோட்டத்துக்கும் போயின. மாற்றிக்கொள்வதற்குள் சியாமுக்கு ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாகங்களைக் கொண்டுபோய்க் கொண்டுவர வேண்டிய ஆண்கள் லாரியில் போனார்கள். பாகங்கள் விழுந்த இடத்திலேயே கிடந்தன.

மாதக்கணக்கில் எதையும் வேண்டுமென்று கேட்காதவள் இதைக் கேட்டிருக்கிறாள். இதையும் கொடுக்காமல் விட்டால் அவள் இனி எதைக் கேட்கப் போகிறாள்? பக்கத்து வீட்டில் அக்காவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வண்டிக்காரர் முத்தையா அண்ணன் விறகு ஏற்றி இறக்குகிறவர். பெடாஸ் போய்வர வண்டிக்கூலி ஒரு போத்தல் தேங்காய் எண்ணெய் என்று பேச்சு. ஜப்பான் நோட்டை அவர் கையால் தொடமாட்டார். என்னைப் பார்த்ததும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த நாளில் ரோட்டில் போகிற பெண்கள் சிப்பாய்களுக்குப் பயந்து முகத்தில் கரி பூசிக்கொள்வது உண்டு. நான் கொஞ்சம் தாராளமாகவே பூசியிருந்தேன்.

"டீச்சர், ஜப்பான்காரன் பயப்படுறது இருக்கட்டும், எம் மாடு மிரளுது லா."

"மாடு பழகிக்கும், ஓட்டுங்க."

ராசா என்ற ஊரைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்தது. சோதனைச் சாவடியில் இறங்கி, குனிந்து வணங்கி, மறுபடி ஏறினோம். அதற்குமேல் அவர் அடக்கமாட்டாமல் ஆரம்பித்தார்.

"கதைக்கா டீச்சர் இம்புட்டு தூரம்? பெடாஸ் என்ன கூப்பிடு தூரமா? இருவது மைல் இருக்கும். அரிசி குடுக்குறாங்கன்னு சொன்னாக்கூட நான் ரெண்டு வாட்டி யோசிப்பேன்."

"யோசிச்சாச்சு அண்ணே."

"சரி, அப்படி என்னாதான் கதை? சொல்லுங்க, மாடும் கேட்டுக்கிட்டு வரட்டும்."

சொன்னேன். கோமளம் கல்யாணமாகி வந்த புதுப்பெண். அவள் புருஷன் சபேசன் நல்லவன். சின்ன வயதில் கரும்பாலையில் சிக்கி இடது சுண்டுவிரலின் நுனி போனவன். அவனுடைய பெரியப்பா மகன் துரைசாமியும் அதே வீட்டில் இருக்கிறான். வாயைத் திறந்தால் தேன். செய்வது எல்லாம் திருட்டுத்தனம். கோயில் அம்மனின் பதக்கத்தை எடுத்தவன் துரைசாமி. பழி விழுந்தது சபேசன் மேல். ஊர் கல்லெறிய வந்தபோது சபேசன் தப்பியோடிக் கப்பலேறிவிட்டான். முதல் பாகம் அதோடு முடிந்தது.

முத்தையா அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"அது என்ன அண்ணே பண்ணுச்சு?"

"அந்த துரைசாமிப் பய நினைப்புல அடிச்சுட்டேன்," என்று மாட்டைத் தடவிக்கொடுத்தார்.

ஜப்பான் மணி பத்துக்கு மம்பாவ் தோட்டம். என் சிநேகிதி செல்லம் அங்கே டீச்சர். நான் போனபோது பிள்ளைகள் 'ஆ, இ, உ, எ, ஒ' என்று ஜப்பான் எழுத்துகளைக் கூவிக்கொண்டிருந்தார்கள். செல்லம் அதைப் பாட்டுச் சத்தத்தில் ஏற்றி இறக்கிச் சொல்லிக்கொடுத்திருந்தாள். தூரத்திலிருந்து கேட்டால் தாலாட்டு என்றே நினைப்போம். தமிழ்ப் பாடப் புத்தகமும் இருந்தது, பத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று. அதில் வெள்ளைக்கார ராஜா படம் உள்ள பக்கத்தின்மேல் மரவள்ளி மாவுப் பசை தடவி வெள்ளைத் தாள் ஒட்டச் சொல்லியிருந்தார்கள். ஒட்டினார்கள். கரப்பான் பூச்சி வந்து பசையைத் தின்றது. ஒட்டிய தாள் அங்கங்கே கழன்று, ராஜா ஒரு கண்ணால் மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேலதிகாரி வந்தா இந்தப் பக்கத்து மேலேயே நான் உக்காந்துக்குவேன்," என்றாள் செல்லம். சொன்னபடி உட்கார்ந்தும் காட்டினாள்.

மாலையில் தோட்டத்து ஆட்களின் வரிசைவீடான லயத்து முற்றத்தில் பெண்கள் கிழங்கு சீவ உட்கார்ந்தார்கள். வாசிக்கிறவள் பங்குக் கிழங்கை மற்றவர்கள் சீவிவிடுவார்கள். அது அங்கே ஒரு முறை. முதலில் எதை வாசித்தார்கள் என்கிறீர்கள்? ஒரு பழைய பத்திரிகையிலிருந்து மைசூர்பாகு செய்யும் விதம். நெய், சர்க்கரை, கடலை மாவு என்று செல்லம் நிறுத்தி நிறுத்திப் படிக்க, எல்லோரும் கத்தியை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். "நெய்ய இன்னொருக்கா படி," என்றாள் ஒருத்தி. செல்லம் படித்தாள். எனக்கும் அந்த வாசனை வந்தது என்று சத்தியம் செய்வேன்.

பிறகு எனக்காகக் கோமளம் கதையின் நடுப்பாகம். துரைசாமி பேச்சிலே மயக்கி, சபேசன் கப்பல் கவிழ்ந்து இறந்துவிட்டான் என்று ஊரை நம்பவைக்கிறான். கோமளம் மட்டும் நம்பவில்லை. தாலியைக் கழற்றமாட்டேன் என்று அதே வீட்டில், துரைசாமியின் கண்ணெதிரிலேயே இருக்கிறாள். துரைசாமி படுக்கையில் விழுகிறான். அதோடு பாகம் முடிந்தது. செல்லம் தாள்களை மடித்து வைத்தாள். அந்த முற்றத்திலும் சியாமுக்கு ஆள் போகாத வீடு இல்லை.

"திரும்பறப்ப இந்த வழியாத்தான் வரணும் டீச்சர். சொல்லாமப் போனீங்க, வண்டியை மறிச்சுருவோம்," என்றார்கள்.

மறுநாள் விடியலில் மம்பாவை விட்டோம். ரந்தாவ் வழியாகப் போகும் ரோடு முழுக்க ரப்பர் மரங்கள், அது அவை இலையுதிர்க்கும் காலம். பால் வெட்ட ஆள் இல்லாததால் மரங்களின் வெட்டுக்காயம் எல்லாம் ஆறிப் பட்டை மூடியிருந்தது. சிவந்த இலைகள் காற்றே இல்லாமல் விழுந்துகொண்டிருந்தன. சக்கரம் அவற்றின் மேல் சத்தமில்லாமல் உருண்டது. முத்தையா அண்ணன் தூங்கினார், நானும் தூங்கினேன், மாடு தானாகப் போனது. கனவில் கோமளம் எங்கள் லோபாக் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பு திரும்பு என்கிறேன், திரும்பவில்லை. திடுக்கிட்டு விழித்தபோது பக்கத்தில் தரையிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பெடாஸ் வெந்நீர் ஊற்று. அந்தப் புகைமூட்டத்தில் ஒரு பெண் துணியலசிக்கொண்டிருந்தாள். பெயர் வீராயி, தோட்டத்துக்காரி. வண்டியை நிறுத்திக் கதையைப் பற்றி விசாரித்தேன்.

"எந்தக் கதை? கோமளம்னு ஒருத்தி, புருஷன் செத்த மறுநாளே தாடிக்காரனோட போனாளே, அவ கதையா? தூ!" என்றாள் வீராயி.

சபேசன் செத்தானா? கோமளம் வேறொருவனுடன் போனாளா? இதையா நான் என் அக்காவிடம் போய்ச் சொல்வது? இப்படியே வண்டியைத் திருப்பச் சொல்லலாமா என்று நினைத்தேன். முத்தையா அண்ணன்தான், "வந்தது வந்தோம், புத்தகத்தைப் பாத்துருவோம்," என்று வீராயியையும் ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்கு ஓட்டினார்.

புத்தகம் இல்லை.

"மண்டோர் குடிச்சுட்டாரு," என்றாள் வீராயி.

மண்டோர் கருப்பையா அந்தத் தோட்டத்தில் வேலை மேய்க்கிறவர். ரொக்கோ சுற்ற வேறு தாள் கிடைக்காத காலம், நாட்டுப் புகையிலையைக் கோமளத்தின் கதையில் சுற்றிப் புகைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"படிச்சுட்டுத்தான் டீச்சர் சுத்துனேன். சும்மா சொல்லக்கூடாது, லயமே கேக்க சத்தம் போட்டுப் படிச்சேன். எனக்கு எல்லாம் மனப்பாடம்."

"அப்ப சொல்லுங்க."

லயமே கூடிவிட்டது. மண்டோர் தொண்டையைச் செருமினார். "துரைசாமி காய்ச்சல்ல கிடக்குறான். கோமளம் பக்கத்துல உக்காந்து வாயில தண்ணி ஊத்துறா. அவன் அவ கையைப் பிடிச்சுக்கிட்டு, என்னைய மன்னிச்சுருன்னு சொல்லி உசுர விடுறான்."

"நாங்க அழுத அழுகை!" என்றாள் வீராயி. "அன்னைக்கு எங்க லயத்துல ஒருத்தரும் கிழங்கு திங்கல டீச்சர். எப்பேர்ப்பட்ட மனுசன்! கட்டுன பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டுச் செத்தானே! மறுநாளே ஒரு தாடிக்காரன் வாசல்ல வந்து நிக்கிறான். இவ ஓடிப்போயி அவன் கையைப் பிடிச்சுக்கிறா. வெக்கங்கெட்ட சிறுக்கி!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்களுக்கு முதல் இரண்டு பாகமும் தெரியாது. கடைசிப் பாகம் மட்டும் கையில் வந்திருக்கிறது. சாகிற ஆண்பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளைப் பெண்டாட்டி என்று எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

"மண்டோரே, அந்தத் தாடிக்காரன் பேரு?"

"பேரே போடல டீச்சர். வந்தவன், வந்தவன்னுதான் எழுதியிருந்துச்சு."

"அவன் கை?"

மண்டோர் கண்ணை மூடிக்கொண்டார். "இடது கை. சுண்டுவிரல் நுனி இல்ல. அதத்தான் அவ தடவித் தடவிப் பாக்குறா. இந்த ஊனத்தை எதுக்கு வேல மெனக்கெட்டு எழுதி வச்சிருக்காங்கன்னு நான்கூட…"

"அடேய்! அவன்தாண்டா புருஷன்!" என்று வண்டியின் மேலிருந்து முத்தையா அண்ணன் கத்தினார். கத்திய கத்தலில் மாடு நாலடி நகர்ந்துவிட்டது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். எல்லோர் முன்னாலும், கரி பூசிய முகத்தோடு. அழுதுகொண்டே முதல் பாகத்தையும் நடுப்பாகத்தையும் சொன்னேன். வாய் வலிக்கிற இடத்தில் முத்தையா அண்ணன் எடுத்துக்கொண்டார். பதக்கத்தைத் திருடியவன் துரைசாமி என்றதும் கூட்டத்தில் பெரிய இரைச்சல்.

"அந்தக் களவாணிக்கா நாங்க பட்டினி கிடந்தோம்!" என்றார் மண்டோர்.

வீராயி மட்டும் சத்தம் போடவில்லை. தாலியைக் கழற்றாத இடத்தை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன். "அய்யோ, அவளப் போயி என்ன பேச்செல்லாம் பேசிட்டேன்," என்று கோயிலில் போடுவதுபோல் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

எங்களைச் சாப்பிடாமல் விடவில்லை. சுட்ட கிழங்கும் கொஞ்சம் கருவாடும் கிடைத்தன. மூன்றாம் நாள் திரும்பும் வழியில் மம்பாவில் வண்டியை மறித்தார்கள். முடிவைச் சொன்னதும், செல்லம் பள்ளிக்கூடத்துக்கு அரைநாள் லீவு விட்டாள். மேலதிகாரி கேட்டால் ஜப்பான் திருநாள் என்று சொல்லிக்கொள்வாளாம்.

ஜப்பான் மணி மாலை ஐந்துக்கு லோபாக் வந்து சேர்ந்தேன். மூன்று நாளும் எத்தனை பேச்சு, எத்தனை கூச்சல்! எங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் அடுப்பின் சத்தம்கூட இல்லை. அக்கா அதே சுவர் ஓரத்தில் இருந்தாள். நான் முகம்கூடக் கழுவவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து நடுப்பாகத்திலிருந்து கடைசி வரை சொன்னேன். அவன் வந்து வாசலில் நின்றதையும், அவள் விரலைத் தடவிப் பார்த்ததையும் சொன்னேன். அக்கா அசையவில்லை. எனக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

"அக்கா, வந்துட்டான்க்கா. கோமளம் புருஷன் வந்துட்டான்."

அக்கா சுவரைப் பார்த்தபடியே, "எத்தனை வருஷம் காத்திருந்தா?" என்று கேட்டாள்.

கிளம்பும்போது மண்டோரிடம் நானும் இதைத்தான் கேட்டிருந்தேன். உள்ளதைச் சொன்னேன். "அது இருந்த ஒரு பக்கத்தை மட்டும் மண்டோர் படிக்கறதுக்குள்ள ஒரு ஜப்பான் சிப்பாய் ரொக்கோ சுத்தக் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டானாம்க்கா."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். உதடு கோணியது. சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. சிரிப்பு அழுகையானது. அத்தானை லாரியில் ஏற்றிய நாள் முதல் அவள் அழுது நான் பார்த்ததில்லை. என் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஊரே கேட்கும்படி அழுதாள். அழட்டும் என்று விட்டேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப எத்தனை வருஷம்னு ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாதுக்கா."

"சரி. இருந்து பாப்போம்," என்றாள். "கிழங்கு இருக்காடி? பசிக்குது."