வெறுங்கை மராக்கஸ்

பஸ் டிப்போவில் டைம் கீப்பர் என்று ஒருவர் இருப்பதால் பஸ் நேரத்துக்குக் கிளம்பும் என்று யாராவது நினைத்தால், அவர்கள் பஸ்ஸுக்காகக் காத்து நின்றதே இல்லை என்று அர்த்தம். நம்மாள் அந்த வேலையில் இருபத்தாறு வருஷம். ஆள் ஒருவர் உட்காரும் அளவுக்கு ஒரு கூண்டு, சுவர்க்கடிகாரம், விசில், ஒரு நோட்டு. ஏழு பத்துக்கு விசில் ஊதுவார். "ஊதியாச்சுல்ல? உக்காருங்க, நான் போறப்ப போறேன்" என்று டிரைவர் டீயை ஆற்றுவார். ஏழு இருபத்தைந்துக்கு வண்டி நகரும். நம்மாளும் ஏழு இருபத்தைந்து என்று எழுதிப் பேனாவை மூடிவைப்பார்.

இப்படி யாரும் ஏறெடுத்துப் பார்க்காத மனுஷருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னொரு உத்தியோகம் இருந்தது. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒருவர் நடத்தும் எட்டுப் பேர் இசைக்குழு. லத்தீன் தாளத்தை அடியில் போட்டு, மேலே ராக் கிதாரை அலறவிட்டு, நடுவில் சோல் பாட்டைக் குழைத்து, ஃபங்க் பேஸை உறுமவிடுவார்கள். சொன்னால் குழப்பமாகத்தான் இருக்கும். கேட்டால் கால் தானாக ஆடும். அதில் நம்மாள் மராக்கஸ். உள்ளே விதை போட்ட இரண்டு குடுவைகள், கைக்கு ஒன்று. குழந்தை விளையாடுகிற கிலுகிலுப்பைதான், கொஞ்சம் வளர்ந்திருக்கும். அதனால் குழுவில் அவர் பெயரே கிலுகிலு என்று ஆகிப்போனது.

குழுவில் சேர்ந்த இந்தப் பதினாலு வருஷத்தில் அவர் மனைவி ஒரே ஒரு கச்சேரிக்கு வந்தாள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தீர்ப்பு வந்துவிட்டது.

"எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. உங்க சத்தம் மட்டும் ஒண்ணுகூடக் கேக்கல. சும்மா கையை ஆட்டிட்டு நிக்கிறதுக்கா இஸ்திரி போட்ட சட்டை?"

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஆகவே குழு ஒரு ரெகார்டு போடப்போகிறது என்றதும் தலைகால் புரியவில்லை. "அங்க ஆளுக்கொரு மைக். அப்பக் கேளு என் சத்தத்தை" என்று மனைவியிடம் சவால் விட்டார். டிப்போ முழுக்கத் தம்பட்டம் அடித்தார்.

ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளர் அரைப் பாட்டிலேயே நிறுத்திவிட்டார். "சார், உங்க கிலுகிலுப்பு எல்லார் மைக்லயும் பூந்துடுது. நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. அதைக் கடைசியா மெஷின்ல போட்டுக்கலாம்."

நம்மாள் கண்ணாடிக் கடைக்காரரைப் பார்த்தார். அவரோ கிதார் கம்பியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். பதினாலு வருஷத்தில் அந்தக் கம்பியை அவர் துடைத்து யாரும் பார்த்ததில்லை.

நம்மாள் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே வேறு கூத்து நடந்தது. டிரம்ஸ்காரர் டயர் கடை வைத்திருப்பவர், முரட்டுக் கை. நாலு நிமிஷப் பாட்டை மூன்றரையில் முடித்தார். அடுத்த முறை மூன்றேகால். காதில் டிக் டிக் என்று மெஷினை வைத்துப் பார்த்தார்கள். அதையும் முந்திக்கொண்டு ஓடினார். "மூச்சு விடவாவது எடம் குடுப்பா!" என்று பாடகி கத்தினாள். கடைசியில் டயர் கடைக்காரர் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"பதினாலு வருஷமா நான் அண்ணன் கையைப் பாத்துத்தான் அடிக்கிறேன். அந்தக் கை எதிர்ல இல்லேன்னா எனக்குத் தாளம் நிக்க மாட்டேங்குது, ஓடிடுது."

ஒலிப்பதிவாளர் பெருமூச்சு விட்டார். "சரி, கூப்பிடுங்க. ஆனா வெறுங்கையோட."

நம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. "வெறுங்கையோடயா? நான் என்ன பஸ்ஸுக்குக் கை காட்டுறேனா?" பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல்வரை போய்விட்டார். டயர் கடைக்காரர் பின்னாலேயே ஓடி வந்தார்.

"அண்ணே, நீங்க போனா நானும் வந்துடறேன். ரெகார்டே வேணாம்."

மத்த ஏழு பேர் ஆசையில் மண் அள்ளிப் போட அவருக்கு மனசு வரவில்லை. திரும்பி வந்தார். ஒன்பது பாட்டு, இரண்டு நாள், டிரம்ஸுக்கு எதிரே நின்று ஒன்றுமில்லாத கைகளை ஆட்டினார். டிரம்ஸ் அடங்கி ஒடுங்கி நடந்தது.

ரெகார்டு வந்தது. மெஷின் மராக்கஸ் துல்லியமாகக் கேட்டது. "இந்தச் சத்தம் உங்களோடதுதானே?" என்று டிப்போவில் கை கொடுத்தார்கள். "ஆமாமா" என்று நம்மாளும் கூச்சமில்லாமல் வாங்கிக்கொண்டார். அன்று சாயங்காலம் வீட்டில் முதல் பாட்டு பாதி ஓடுவதற்குள் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது நீங்கதானே! அய்யோ, எவ்ளோ பிசகாம வருது! அன்னிக்கு நான்தான் அவசரப்பட்டு வாய விட்டுட்டேன்." அவள் கண் கலங்கியிருந்தது.

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அவர் காத்திருந்தார். பேசாமல் இருந்திருக்கலாம். ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பேர் வாங்குகிறார்கள். ஆனால் அவளிடம் முடியவில்லை.

"அது மெஷின்" என்றார்.

"அப்ப நீங்க எங்க?"

"டிரம்ஸ் ஓடாம நிதானமா வருது பாரு. அதுதான் நான்."

"ஓடாம இருக்கிறது எப்படிங்க கேக்கும்?"

அவருக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து பாட்டை நிறுத்தப்போனார். அவள் விடவில்லை. உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "மொதல்லேருந்து போடுங்க."

ஒன்பது பாட்டையும் கேட்டாள். முழங்காலில் ஒரு விரல் தட்டிக்கொண்டே இருந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசிப் பாட்டு முடிந்தது.

"ஓடல" என்றாள். "ஒரு எடத்துலகூட ஓடலைங்க."