ஹிலேரியனுக்கு அடைத்த தெரு

எர்னஸ்டினுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்று எங்கள் துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கேட்காவிட்டாலும் சொல்வார்கள். பொரித்த ரொட்டியில் உப்பு குறைகிறது என்று வாய்தவறிச் சொன்ன டாக்சிக்காரனை, அவன் பிறந்த கிராமம் வரைக்கும் போய்த் திட்டிவிட்டு வருவாள். ஆனால் அவளுக்கு ஏன் கோபம் வருகிறது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. நான் சொல்கிறேன்.

முதலில் அவள் தட்டு வைத்து உட்கார்ந்த இடம் துறைமுக வாசலில், பெரிய வாதாமரத்தின் அடியில். விடிந்தும் விடியாமலும் எண்ணெய்ச் சட்டியைக் காயவைத்து, ரொட்டியைப் பொரித்து, உப்புமீனை வெங்காயம் மிளகாயோடு வதக்கி உள்ளே திணித்துக் கொடுப்பாள். மூட்டை தூக்குகிறவர்கள், சுங்கத்துக்காரர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், எல்லோருக்கும் அதுதான் காலை உணவு. பிறகு வாழைக்காய் ஏற்றுகிற கப்பல்கள் நின்றுபோய், ஆள் ஏற்றிக்கொண்டு உல்லாசமாகச் சுற்றுகிற கப்பல்கள் வர ஆரம்பித்தன. பஸ் திரும்ப இடம் வேண்டுமாம், வாதாமரத்தை வெட்டினார்கள். எர்னஸ்டின் மதிலோரம் போனாள். மதிலை இடித்துக் கம்பிவேலி போட்டார்கள். சுங்கச்சாவடிக்குப் பின்னால் சாக்கடை ஓரமாகப் போனாள். கப்பலிலிருந்து இறங்குகிறவர்களுக்கு எண்ணெய் வாடை ஆகாதாம்! அவர்கள் வாடை நமக்கு ஆகுமா ஆகாதா என்று எந்தப் புண்ணியவானாவது கேட்டானா?

ஒவ்வொரு முறையும் அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு கத்துவாள். ஒவ்வொரு முறையும் அவள் புருஷன் ஹிலேரியன், "விடு எர்னா, ரொட்டி ரொட்டிதானே, எங்க வச்சா என்ன?" என்பான். அவனுக்குக் கோபமே வராது. அதுவும் அவளுக்கு எரிச்சல்.

ஹிலேரியன் கயிறு பிடிக்கிறவன். கப்பல் துறையை நெருங்கும்போது மேலேயிருந்து மெல்லிய கயிறு ஒன்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் அதன் வாலில் தொடைப் பருமனுக்குப் பெரிய கயிறு வரும். அதன் வளையத்தைக் கரையிலுள்ள இரும்புக் குற்றியில் மாட்ட வேண்டும். போகும்போது கழற்றிவிட வேண்டும். சொல்லும்போது சுலபம். இழுவையில் இருக்கிற கயிறு கையைக் கேட்டால் கையைக் கொடுக்க வேண்டியதுதான். ஹிலேரியனின் இடக்கையில் இரண்டு விரல்கள் அப்படித்தான் போயின. கயிறு வரும்போதெல்லாம் "பிடி! பிடி!" என்று கத்துவான், அதனால் ஊருக்கே அவன் பிடிபிடி. அத்தனை கப்பலைக் கட்டினானே, ஒன்றிலாவது கால் வைத்திருப்பானா? கிடையாது. "உள்ள என்னதான் இருக்கு, போய்ப் பாக்கணும்னு ஆசையில்லயா?" என்று எர்னஸ்டின் கேட்டால், "என்ன இருக்கும், மெத்தையும் சாப்பாடும். அதான் நம்ம வீட்லயே இருக்கே" என்று சிரிப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்குழம்பும் அவித்த பலாக்காயுமாகச் சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

எங்கள் ஊரில் பிணத்தை வண்டியில் வைத்து விரட்டிக்கொண்டு போகிற பழக்கம் இல்லை. கோயிலிலிருந்து கடலோரமாகப் பே தெரு வழியே நடந்துதான் போவோம், முன்னால் பாண்டு, பின்னால் பாட்டு. செத்தவன் வேலை பார்த்த இடத்து வாசலில் பெட்டி நிற்கும். கூட வேலை பார்த்தவர்கள் வெளியே வந்து தொப்பியைக் கழற்றுவார்கள். அவர்களில் மூத்தவன் பெட்டிமேல் கை வைத்து, "வேலை முடிஞ்சுது, வீட்டுக்குப் போ" என்று சொல்வான். அந்த வார்த்தை கிடைக்காதவன் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பான் என்று எங்களுக்கு ஒரு நம்பிக்கை. மூட்டை தூக்கின எர்னஸ்டினின் அப்பனுக்கு அந்த வார்த்தை கிடைத்தது. ஹிலேரியனுக்கும் கிடைக்க வேண்டும். அவள் வேறெதுவும் கேட்கவில்லை. கல்லறைக்குப் பளிங்குக்கல் கூடக் கேட்கவில்லை.

கப்பல் வராத நாளாகப் பார்த்துப் புதன்கிழமையைத்தான் குறித்தாள். 'பிடிபிடி என்று அனைவரும் அறிந்த ஹிலேரியன்' என்று ஆரம்பித்து, எந்த நேரம், எந்தத் தெரு, எந்தக் கல்லறை என்று ரேடியோவில் காலையிலும் மாலையிலும் சொல்லியாயிற்று. மகள் ஜோஸ்லின் டொரன்டோவிலிருந்து வந்துவிட்டாள். புதன்கிழமை காலை, துறைமுக மேலாளர் பெல்ரோஸ் கையில் மலர்வளையத்தோடு வாசலில் வந்து நின்றார். பளபளவென்று தேய்த்த சப்பாத்து. வேறு ஊர்க்காரர் என்று நினைக்காதீர்கள், எர்னஸ்டினின் ரொட்டியைத் தின்று பள்ளிக்கூடம் போன பிள்ளைதான்.

"மிஸ் எர்னா, தப்பா எடுத்துக்காதீங்க. பக்கத்துத் தீவுல அலை ஜாஸ்தி, கப்பலைக் கட்ட முடியல. இங்க திருப்பி விட்டுட்டாங்க. இன்னிக்கு வருது."

"வரட்டும். கடல் என்ன எங்கப்பன் வீட்டுச் சொத்தா, நான் மறிச்சுக்கிட்டு நிக்க?"

"அதுக்கில்ல. பே தெருவை அடைக்கணும். வர்றவங்க சந்தோஷமா இருக்கணும்னு வர்றாங்க. சவப்பெட்டியைப் பாத்தா மனசு கெட்டுடும் பாருங்க."

"ஏன், அவங்க ஊர்ல யாருமே சாகறதில்லயா?"

பெல்ரோஸ் வளையத்தை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நாளைக்கு வச்சுக்கலாமே?"

"மலை மேலேருந்து சனம் பஸ் ஏறிட்டாங்க. செத்தவனை எழுப்பி, 'இன்னிக்கு உனக்கு எடமில்ல ராசா, நாளைக்கு வா'ன்னு சொல்லவா?"

"அப்ப பின்னால மீன் சந்து வழியா..."

"மீன் சந்தா!" எர்னஸ்டினின் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்டது. "மீன் கழுவற தண்ணியில என் புருஷனைத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா? உன் கப்பலைக் கட்டித்தான்டா அவன் விரலே போச்சு! இந்த வளையத்தை எடுத்துக்கிட்டுப் போ. கொண்டுபோய்க் கப்பல் கழுத்துல மாட்டு!"

பெல்ரோஸ் வளையத்தைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். தெருவை அடைக்காமல் விட்டுவிடுவார் என்றுதான் ஊர் நினைத்தது. நம்மவன்தானே என்று நினைத்தது. என்ன பைத்தியக்கார ஊர்!

மூன்று மணிக்குக் கோயிலிலிருந்து பெட்டி வெளியே வந்தது. திருப்பத்தில், பே தெருவின் வாயில், இரும்புத் தடுப்பு குறுக்கே கிடந்தது. அதற்கு அந்தப் பக்கம் கப்பல், தெருவின் வீடுகளையெல்லாம் குட்டையாக்கிக்கொண்டு வெள்ளை வெளேரென்று நின்றது. வைக்கோல் தொப்பியும் அரைக்கால்சட்டையுமாகக் கூட்டம் கையில் குளிர்பானத்தோடு உலாத்தியது. தடுப்பின் முன்னால் கான்ஸ்டபிள் டெஸ்மண்ட் நின்றான். எர்னஸ்டின் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்தின பிள்ளை, அவளை டான்ட்டி, அதாவது அத்தை, என்றே கூப்பிடுவான்.

"டான்ட்டி, எனக்கு உத்தரவு. என்னைக் கோச்சுக்காதீங்க."

"உன்னை எதுக்குடா கோச்சுக்கணும்? நகரு. நானே தூக்கிப் போட்டுக்கறேன்."

அவள் தடுப்பில் கை வைத்தாள். டெஸ்மண்டும் கை வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் கையை எடுக்கவில்லை. பின்னால் பாண்டு வாசிப்பு நின்றது. அந்தப் பக்கம் ஒருவன், ஏதோ திருவிழா என்று நினைத்தானோ என்னவோ, கைதட்டிக்கொண்டே படம் எடுத்தான். எர்னஸ்டின் வாயைத் திறந்தாள். அன்று அவள் கத்தியிருந்தால் அந்தக் கப்பலே திரும்பிப் போயிருக்கும். அப்போது ஜோஸ்லின் அவள் தோளைத் தொட்டாள்.

"அம்மா, அப்பா வெயில்ல நிக்கறாரும்மா."

அவ்வளவுதான். எர்னஸ்டின் வாயை மூடிக்கொண்டாள். ஆயுசிலேயே முதல் தடவை, சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

மீன் சந்தில் பாண்டுக்காரனின் பெரிய மத்தளம் நுழையவில்லை, அதை வெளியே வைத்துவிட்டு வந்தார்கள். மூலையில் பெட்டியைச் சாய்த்துத் திருப்ப வேண்டியிருந்தது. மீன்தண்ணீர் ஓடையைத் தாண்டும்போது தூக்கினவர்களில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. ஜோஸ்லினின் கறுப்புச் சப்பாத்தில் மீன்செதில் ஒட்டியது. மீன்காரிகள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தலையைக் குனிந்து நின்றார்கள். கட்டிய கப்பலெல்லாம் கடல் பார்த்து நிற்க, கட்டினவன் மீன்குடல் கிடக்கிற சந்தில் சாய்ந்து சாய்ந்து போகிறான். இதைவிட அவமானம் என்ன இருக்கிறது?

அந்த நேரம் துறைமுக வாசலில் கயிறு பிடிக்கிறவர்கள் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வரிசையாக நின்றிருந்தார்கள். கப்பலைக் காலையிலேயே இறுக்கிக் கட்டியாயிற்று. இனி சாயங்காலம் அவிழ்ப்பதுதான் வேலை. பெட்டி வந்திருந்தால் நின்ற இடத்திலேயே தொப்பியைக் கழற்றி, வார்த்தையைச் சொல்லி, உள்ளே திரும்பியிருப்பார்கள். பெட்டி வரவில்லை. சந்து வழியாகத் திருப்பிவிட்டார்கள் என்று ஒரு டாக்சிக்காரன் வந்து சொன்னான். அவர்களில் மூத்தவனான கஸ்பர் காறித் துப்பினான். "அவனை இங்க வர விடலைன்னா நாம போவோம், வாங்கடா" என்றான். ஒருவன் பாக்கியில்லாமல் எல்லோரும் மலையேறிக் கல்லறைக்குப் போய்விட்டார்கள்.

வாசலில் நிற்பது வேறு, கல்லறைக்குள் கால் வைப்பது வேறு. எங்கள் ஊரில் குழிக்கு அருகில் போன ஆண்பிள்ளை மண்ணை மூடி, பூ வைத்து முடிக்கும்வரை நகரக்கூடாது. திறந்த குழியை விட்டுவிட்டுப் போனவன் என்ற பெயரை இங்கே ஒருவனும் வாங்கமாட்டான்.

அவர்கள் வேலியைத் தாண்டி வருவதை எர்னஸ்டின் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சாமியார் ஜெபத்தை முடித்தார். பெட்டி இறங்கியது. ஆண்கள் மண்வெட்டியைக் கைமாற்றிக் கைமாற்றி மண் தள்ள, பெண்கள் பாட ஆரம்பித்தார்கள். கீழே துறைமுகத்தில் கப்பல் ஊதியது. யாரும் திரும்பவில்லை. மறுபடி ஊதியது. மூன்றாவது முறை நீளமாக ஊதினபோது பெல்ரோஸ் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்தார். சப்பாத்து முழுக்கச் செம்மண்.

"கஸ்பர்! கப்பல் கிளம்பற நேரம்! என்னய்யா எல்லாரும் இங்க இருக்கீங்க?"

"மண்ணு மூடட்டும் சார்." கஸ்பர் நிமிரவில்லை.

"ரெண்டாயிரம் பேர் உள்ள உக்காந்திருக்காங்க!"

"காவல்காரங்களை அவுக்கச் சொல்லுங்க."

"கயித்துல கை வைக்க மாட்டேங்கறாங்கய்யா."

எப்படி வைப்பார்கள்? ஹிலேரியனின் இடக்கையைப் பார்க்காதவன் அந்தத் துறைமுகத்தில் உண்டா?

பெல்ரோஸ் எர்னஸ்டின் பக்கம் திரும்பினார். துக்கத்துக்குச் சொந்தக்காரி போகச் சொன்னால் போகலாம், அது அவருக்கும் தெரியும். "மிஸ் எர்னா, காலையில நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க. நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

பாட்டு நின்றது. எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். குழி பாதிதான் மூடியிருந்தது.

"ஒரு வார்த்தைதானே நானும் கேட்டேன்?" என்றாள் எர்னஸ்டின். குரல் உயரவில்லை, அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. "வாசல்ல நின்னு ஒரு வார்த்தை. அதுக்கு எடமில்லன்னு சந்துல அனுப்பினே. உன் கப்பல் வரும் வரும்னு எத்தனை நாள் மழையில உக்காந்திருப்பான் இவன்? ஏன் லேட்டுன்னு ஒரு நாள் கேட்டிருப்பானா? இன்னிக்கு அது நிக்கட்டும். அவனுக்காக நிக்கட்டும்!"

"மிஸ் எர்னா..."

"நீயும் சும்மா நிக்காதே. குழிகிட்ட வந்துட்டே இல்ல? மண்வெட்டியை எடு. என் ரொட்டி தின்னு வளந்த உடம்புதானே, தெம்பு இருக்கும்."

பெல்ரோஸ் கீழே கப்பலைப் பார்த்தார். சுற்றியிருந்த முகங்களைப் பார்த்தார். கஸ்பர் தன் மண்வெட்டியை நீட்டினான். அவர் கோட்டைக் கழற்றிப் பக்கத்துக் கல்லறைமேல் போட்டுவிட்டு மண்ணைத் தள்ள ஆரம்பித்தார். எர்னஸ்டின் பாட்டை முதல் அடியிலிருந்து தொடங்கச் சொன்னாள். கப்பல் ஊத ஊத, ஒரு சரணத்தையும் விடாமல் பாடினார்கள்.

மண் மேடானது. பூ வைத்தாயிற்று. கஸ்பர் தொப்பியைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டு, ஈரமண்ணின்மேல் கையை வைத்தான். "வேலை முடிஞ்சுது பிடிபிடி. வீட்டுக்குப் போ."

மீன் சந்தை எர்னஸ்டின் மன்னிக்கவில்லை, இன்றுவரை மன்னிக்கவில்லை. பெல்ரோஸ் எதிரே வந்தால் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஆனால் அன்று அந்த வார்த்தை காதில் விழுந்ததும் கைக்குட்டையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். பிறகு கஸ்பரையும் மற்றவர்களையும் பார்த்தாள்.

"இப்பப் போங்கடா" என்றாள். "போய் அவுத்து விடுங்க. கை பத்திரம்."