மொட்டை போட்ட டிரேட்மார்க்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் டிரேட்மார்க் கேஸ் என்றாலே மற்ற வக்கீல்கள் சிரிப்பார்கள். வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும்தான் வழக்கு, லேபிளுக்குச் சண்டை போடுவது வேலையற்ற வேலை என்பது அவர்கள் எண்ணம். மடவார் வளாகத்தில் என் ஆபீஸ் வாசலில் ‘வியாபாரச் சின்னம் பதிவு செய்து தரப்படும்’ என்று போர்டு வைத்திருந்தேன். அதைப் பார்த்து உள்ளே வந்த ஒருவர், கையில் பச்சை குத்த எம்புட்டு ஆகும் என்று கேட்டார். நான் எரிந்து விழுந்ததில் பாவம், செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவிட்டார்.

அப்படிப்பட்ட என்னையும் நம்பி ஒருவர் வந்தார். ராஜபாளையத்துப் பல்பொடி அண்ணாச்சி. எங்கள் பக்கம் சரக்கு தயாரிப்பவர் தன் போட்டோவையே லேபிளில் போட்டுக்கொள்வது வழக்கம். முகத்தைப் பார்த்தால்தான் சனங்களுக்கு நம்பிக்கை. அண்ணாச்சியின் டப்பாவிலும் அவர் முகம்தான். படிய வாரிய கிராப்பு, முறுக்கிய மீசை, அதற்குக் கீழே வாய்கொள்ளாத சிரிப்பு. ‘போட்டோ பார்த்து வாங்கவும், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்று எச்சரிக்கை வேறு.

சிரிப்பில்தான் அவருக்கு வெட்கம். மேல்வரிசை முன்பற்கள் இரண்டுக்கும் நடுவே நல்ல இடைவெளி. பல்பொடி விற்பவனுக்கே பல் இப்படியா என்று ஊர் கேலி செய்யும் என்பது அவர் பயம். அதனால் பேசும்போதுகூடக் கையால் வாயை மூடிக்கொள்வார். லேபிளை நான் பதிவு செய்து கொடுத்த பிறகு மெதுவாக வந்து கேட்டார்.

“வக்கீலம்மா, சிவகாசி பிரஸ்ல சொல்லி படத்துல மட்டும் அந்தச் சந்த அடைச்சிருவமா?”

“பதிவு செஞ்ச லேபிள் அண்ணாச்சி. ஒரு முடியக்கூடத் தொடக் கூடாது.”

“தொடல, தொடல. கோவப்படாதீய.”

அண்ணாச்சியிடம் கடை கடையாகச் சரக்குப் போடும் லைன் சேல்ஸ்மேனாக இருந்தவன் மகாராஜபுரம் பக்கம் தனியாகப் பல்பொடி போட ஆரம்பித்ததில்தான் வினை வந்தது. அதே பச்சை டப்பா, அதே கிராப்பு, அதே மீசை. கேட்டால், “எம் மூஞ்சிய நான் போடுதேன், எவன் கேக்குறது?” என்றானாம். மீசையை அதற்கென்றே வளர்த்திருந்தான், படுபாவி. அவன் பொடியைத் தேய்த்து ஈறு புண்ணானவர்கள் அண்ணாச்சி கடைக்கு வந்து திட்டினார்கள். கடைகள் அண்ணாச்சி சரக்கைத் திருப்பி அனுப்பின.

“இப்படியே போனா ஏவாரம் படுத்துரும்மா. என்னையத்தான் போலிங்கான்” என்று என் ஆபீசில் உட்கார்ந்து அழுதார். ஜில்லா கோர்ட்டில் கேஸ் போட்டேன். தடை உத்தரவு விசாரணைக்கு இரண்டு பேரும் நேரில் வர வேண்டும் என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார்.

அன்று கோர்ட் வராண்டாவில் அண்ணாச்சிக்காகக் காத்து நின்றேன். சந்தனம் பூசிய மொட்டைத் தலையோடு ஒருவர் வந்து கும்பிட்டார்.

“யாருங்க?”

“நாந்தான் வக்கீலம்மா.” வாயைக் கை மூடியது.

“ஐயோ அண்ணாச்சி! மீச எங்க?”

“இருக்கன்குடி கோயில்ல. கேஸ் செயிச்சா முடி எறக்குதேன்னு வேண்டியிருந்தேன். செயிச்ச பொறவு எறக்குனா ஆத்தா மேல நம்பிக்க இல்லன்னு ஆயிருமே? அதான் முன்கூட்டியே முடிச்சிட்டேன்.”

“ஒரு முடியத் தொடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா?”

“லேபிள்லதான தொடக் கூடாதுன்னீய?”

அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். வயதில் பெரியவர் என்பதால் தலையில் அடித்துக்கொண்டேன், என் தலையில்.

உள்ளே டவாலி பெயரைக் கூப்பிட்டதும் அண்ணாச்சி முன்னே போனார். “ஓரமா நில்லும், கட்சிக்காரர் வரட்டும்” என்று டவாலியே அவரைத் தள்ளி நிறுத்தினார். எதிர்ப்பக்கம் அந்தச் சேல்ஸ்மேன் மீசையை முறுக்கிக்கொண்டு நின்றான். அவனுடைய வக்கீல் எங்கள் டப்பாவையே எடுத்து அவன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தார். “இது யார் முகம், நீங்களே சொல்லுங்கள்” என்றார். கோர்ட்டே சிரித்தது. பதிவானது லேபிள்தானே ஒழிய தலை அல்ல என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறவளைப் பார்ப்பதுபோல எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“எனக்கே குழப்பமா இருக்கும்மா” என்றார் ஜட்ஜ்.

“ஐயா, அது நாந்தானய்யா!” அண்ணாச்சியின் குரல் உடைந்தது. அப்போதும் கை வாய்மேல்தான்.

அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குப் பொறி தட்டியது. பாய்ந்துபோய் எதிரியின் டப்பாவை எடுத்தேன். அதிலும் சிரிப்பு, அதிலும் பல்லுக்கு நடுவே இடைவெளி! சிவகாசி ஆர்ட்டிஸ்ட் எங்கள் படத்தைப் பார்த்து அச்சு அசலாக வரைந்து தள்ளியிருக்கிறார்.

“தன் முகம் என்கிறாரே, பல்லைக் காட்டச் சொல்லுங்கள்” என்றேன்.

அவன் உதட்டை இறுக்கிக்கொண்டான். ஜட்ஜ் அதட்டியதும் திறந்தான். சோளக்கதிர்போல நெருக்கமான வரிசை, ஊசி நுழைய இடமில்லை.

“அண்ணாச்சி, இப்ப நீங்க கைய எடுங்க.”

“இத்தன பேரு இருக்காவளே...”

“எடுக்கீயளா, நான் கேஸ விட்டுட்டுப் போவட்டா?”

கை மெல்ல இறங்கியது. கண்ணில் நீரோடு அண்ணாச்சி சிரித்தார். ஜட்ஜ் டப்பாவைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், கைக்குட்டையால் தன் வாயை மூடிக்கொண்டார். அன்றைக்கே தடை உத்தரவு கிடைத்தது.

உத்தரவின் நகலைக் கொடுக்க ராஜபாளையம் கடைக்குப் போனேன். செண்பகத்தோப்பிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் பல்பொடி கேட்டார். அண்ணாச்சியே எடுத்து நீட்டினார். அந்த அம்மாள் டப்பாவையும் மொட்டையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மொதலாளிய வரச் சொல்லும். கண்டவுக கையால வாங்க மாட்டேன். போலி நடமாடுதாம்ல?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி என்னைத் தடுத்துவிட்டார். தன் முகத்தைத் தவிர வேறெதையும் வாங்க மாட்டேன் என்கிறாளே ஒருத்தி, அந்தச் சந்தோஷம் அவருக்குத் தாங்கவில்லை. கையை மேசைமேலேயே வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“அட, அதே சிரிப்பு! மொதலாளிக்குத் தம்பியா நீரு?”

“ஆமா தாயி, தம்பிதான்” என்றார் அண்ணாச்சி. “மீச மொளைக்கவும் அண்ணன் வந்துருவாரு.”