படிக்கட்டுக்கு இந்தப் பக்கம்

ஒரு நாடு என்னை வராதே என்று சொல்லியிருக்கிறது. வாயால் சொன்னதோடு விடவில்லை. பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தி வாங்கி, கண்ணையும் படம் பிடித்துவைத்துக்கொண்டு அனுப்பினார்கள். நான் கொலையும் செய்யவில்லை, கொள்ளையும் அடிக்கவில்லை. வேலை பார்த்த கம்பெனி சம்பளத்தை இழுத்தடித்தது. வேறு கம்பெனிக்குப் போகிறேன் என்று முதலாளியிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் போனேன். ஆள் ஓடிப்போய்விட்டான் என்று புகார் கொடுத்துவிட்டார். இது ஓடுகிற உடம்பா என்று அதிகாரியிடம் கேட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாகப் போயிற்று.

திருச்செங்கோட்டுக்காரனுக்கு வேலைக்கா பஞ்சம்? எங்கே தண்ணீர் இல்லையோ அங்கே எங்கள் ஊர் ரிக் லாரி போய் நிற்கும். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டில் போர்வெல் போடும் வேலைக்கு மேற்பார்வையாளராகச் சேர்ந்தேன். அங்கே போக நடுவில் ஒரு இடத்தில் விமானம் மாற வேண்டும். எந்த இடம் என்று பார்த்தால், அதே நாடு. டிக்கெட் போட்டுக் கொடுக்கிறவரிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க, என்னையப் புடிச்சு உள்ள போட்டுர மாட்டாங்களே?"

"வெளிய போனாத்தானுங்க கேள்வி. ஏர்போர்ட்டுக்குள்ளயே உக்காந்திருந்தீங்கன்னா, நீங்க அந்த நாட்டுக்குப் போனதாவே கணக்கில்லீங்க."

அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. கால் அங்கே ஊன்றியிருக்கும், மூச்சு அங்கே விடுவேன், ஆனால் போகவில்லை. அது எப்படி என்று பார்த்தே ஆக வேண்டும் என்று எனக்குக் கை கால் பரபரத்தது.

பார்க்க வேண்டியது இன்னொன்றும் இருந்தது. என் தங்கச்சி அந்த நாட்டில்தான் குடியிருக்கிறாள். அவளுக்கு ஒரு பெண் குழந்தை, நடக்கப் பழகிவிட்டது, நான் இன்னும் நேரில் பார்த்ததில்லை. எங்கள் பக்கம் காது குத்தும்போது குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார்ந்தாக வேண்டும். நான் ஊரில் இருக்கும்போது மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது. அவருக்குக் கிடைக்கும்போது நான் எங்காவது சேற்றில் நின்றுகொண்டிருப்பேன். அங்கேயே போய்க் குத்திவிட்டு வரலாமென்றால் எனக்குத்தான் கதவைச் சாத்தியிருக்கிறார்களே. பெரியப்பா மகன் மடியில் வைத்துக் குத்திக்கொள் என்று சொல்லிப் பார்த்தேன். "என்ற அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப வேற ஒருத்தர் மடியா?" என்று போனை வைத்துவிட்டாள்.

என் பயணத் தேதி தெரிந்ததும் அவளே கூப்பிட்டாள். "அன்னைக்கு நானும் பாப்பாவும் ஊருக்குக் கிளம்பறோம்ண்ணா. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத, திடீர்னு போயி அம்மா முன்னால நிக்கோணும். ஏர்போர்ட்டுல உன்ற மடியில ஒருக்கா உக்கார வச்சுட்டன்னா, அப்பறம் ஊர்ல ஆரு மடியில வேணா குத்திக்கலாம்." நல்ல யோசனைதான். இராசிபுரத்தில் ஒரு சோடி தோடு வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

இறங்கியதும் யாரும் என் விரலைக் கேட்கவில்லை, கண்ணையும் கேட்கவில்லை. பையை மட்டும் சோதித்துவிட்டுப் போ என்று கை காட்டினார்கள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. அவ்வளவு அக்கறையாக அடையாளம் எடுத்தவர்கள் இப்படி மறந்தா போவார்கள்?

தங்கச்சி வர நேரம் இருந்தது. சும்மா இருக்க முடியவில்லை. விமானம் மாறுகிறவர்களுக்கு வழி சொல்லும் மேசையில் ஒரு மலையாளி இருந்தார். நம்ம தமிழ் பேசினார். இந்த நாடு எந்த இடத்தில் ஆரம்பிக்கிறது என்று அவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தூரத்தில் கீழே இறங்கும் நகரும் படிக்கட்டைக் காட்டினார்.

"சேட்டா, அது எறங்கினா நாடு. இங்க நின்னா நாடு இல்ல."

"அப்ப இது ஆரு ஊருங்க?"

"கடைக்காரங்க ஊரு" என்று சிரித்தார்.

படிக்கட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒவ்வொரு படியாக முளைத்துக் கீழே போய்க்கொண்டே இருந்தது. கீழே வரிசையில் சனங்கள், அவர்களுக்கு அந்தப் பக்கம் கண்ணாடிக் கூண்டுகளில் அதிகாரிகள். திரும்பி வந்து, ஒரே ஒரு படி இறங்கினால் என்ன ஆகும் என்று மலையாளியிடம் கேட்டேன். "கால் வெச்சா அதே கொண்டு போகும் சேட்டா, நிக்காது" என்றார். அவர்கள் குழாயில் கை கழுவினேன். அவர்கள் டீயைக் குடித்தேன். சன்னலுக்கு வெளியே அவர்கள் வெயில் தரையைப் பொரித்துக்கொண்டிருந்தது. நான் இன்னும் வரவில்லை. விசித்திரம்தான் போங்கள்.

தங்கச்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேகு வேகுவென்று வந்தாள். இளைத்திருந்தாள். "வா சாமி, மாமன்கிட்ட வா" என்று கையை நீட்டினேன். போனில் என்னைக் கண்டால் திரையை நக்குகிற குழந்தை, நேரில் என் மீசையைப் பார்த்ததும் வீறிட்டது. கடைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"அம்மிணி, அழறவளப் புடிச்சு அமுத்தி உக்கார வச்சா, அது கணக்குல சேருமா?"

"அதெப்படிண்ணா சேரும்? அவளா உக்காரோணும்."

பிஸ்கட் காட்டினேன். விமானம் காட்டினேன். கைக்குட்டையில் எலி செய்து ஓடவிட்டேன். எலியைப் பிடுங்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள். பாறையைக்கூடக் குடைந்துவிடலாம் போலிருந்தது. எனக்கு உள்ளுக்குள் வருத்தமாகவே ஆகிவிட்டது. இத்தனை தூரம் வந்தும் மடி காலியாகத் திரும்புமோ என்று பயந்தேன்.

கடைசியில் அழுத களைப்பில் அம்மா தோளிலேயே தூங்கிவிட்டாள். தங்கச்சி என்னைப் பார்த்தாள். "தூங்கறப்ப வச்சா அழுக இல்லயில்லண்ணா. சேரும்" என்றாள். சட்டத்தை அவளே திருத்திக்கொண்டாள். மெல்ல என் மடியில் கிடத்தினாள். கனமாகத்தான் இருந்தாள். தலை என் முழங்கை மடிப்பில் சூடாக அழுந்தியது. தோடுகளை எடுத்துக் கொடுத்தேன். தங்கச்சி இரண்டு காதிலும் வைத்து வைத்துப் பார்த்தாள்.

அப்போது கோயம்புத்தூர் விமானத்துக்குக் கடைசி அழைப்பு என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள்.

"அம்மிணி, உன்ற பிளைட்டு. எந்திரி, எந்திரி."

அவள் எழவில்லை. தோடுகளை டப்பாவில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

"நான் ஊருக்குப் போகலண்ணா. அவருக்கு இன்னும் லீவு குடுக்கல. எப்பக் குடுப்பாங்கன்னும் தெரியல."

"அப்ப எப்படி உன்னய உள்ள உட்டாங்க?"

"டிக்கெட் இருந்தாத்தான உடுவாங்க? பக்கத்து நாட்டுக்கு ஒண்ணு போட்டேன். அங்க ஏர்போர்ட்டுலயே உக்காந்திருந்துட்டு சாயங்காலம் திரும்பிருவோம். முன்னாலயே சொன்னா நீ வேண்டாம்னு சொல்லிருப்ப. காது இங்கயே ஆஸ்பத்திரில குத்திக்கறேன். மாமன் மடிதான் ஆயிப்போச்சில்ல."

"உனக்கென்ன கிறுக்கா?" என்றேன்.

"நீ உள்ள வர முடியாது. அதான் நாங்க வெளிய வந்தோம்" என்றாள்.

சின்னக் குழந்தையோடு ஒரு நாட்டை விட்டே வெளியே வந்திருக்கிறாள். வெட்கமில்லாமல் அழுதேன். கண்ணைத் துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் குழந்தை இருந்தது. தங்கச்சிதான் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டாள்.

என் விமானத்துக்கு ஏறச் சொல்லி அழைப்பு வந்தது. "கெளம்புண்ணா" என்றாள். அசைந்தால் குழந்தை விழித்துக்கொள்வாள். விழித்தால் என் முகத்தைப் பார்த்து அழுவாள். மறுபடியும் எப்போது இந்த மடிக்கு வருவாளோ, யாருக்குத் தெரியும்? ஒலிபெருக்கியில் என் பெயரைக் கடித்துத் துப்பிக் கூப்பிட்டார்கள். இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன்.