கிணறு வற்றினால் மோட்டார் நிற்க வேண்டும்

மத்தியானம் சாப்பிட உட்காரும்போது அலங்காநல்லூரிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"தங்கச்சி, கிணத்துல தண்ணி கீழ போயிருச்சு. மோட்டார் பாட்டுக்கு ஓடிக்கிட்டே கெடக்கு. நல்லவேளை, நான் பக்கத்துல நின்னேன், கையால நிப்பாட்டுனேன். அந்தப் பொட்டி என்னத்தக் கிழிச்சுச்சு?"

அந்தப் பெட்டி மோட்டாரைக் காக்கும் கருவி. கிணறு வற்றினால் தானாக நிறுத்த வேண்டும். தண்ணீரில்லாமல் ஓடினால் மோட்டார் புகைந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு நிறுவனம் அதைச் செய்கிறது. அன்று காலையில்தான் புது நிரலை அண்ணனின் பெட்டியில் மட்டும் ஏற்றிச் சோதித்தார்கள். சாயங்காலம் சுற்றுப்பட்டு ஊர்களின் எல்லாப் பெட்டிகளுக்கும் அது போகப்போகிறது. எல்லாக் கிணற்றடியிலும் அண்ணனைப் போல ஒருவர் நின்றுகொண்டிருக்க மாட்டார்.

என் வேலை கம்பைலர். மனிதர்கள் எழுதும் நிரலைக் கருவிக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிற மென்பொருள் அது. ஆனையூர் வீட்டில் முன்னறையில் நான் வேலை பார்ப்பேன், உள்ளறையில் என் கணவர். இருவரும் ஒரே குழு. பெட்டி செய்பவர்கள் பயன்படுத்துவதும் எங்கள் கம்பைலர்தான். போன வாரம் அதில் கணவரின் மாற்றம் ஒன்று சேர்ந்தது. வேண்டாத வேலைகளைக் கண்டுபிடித்து நீக்கி, நிரலை வேகமாக்கும் மாற்றம். குழுவே மெச்சியது. நானும் அன்று கேசரி கிண்டினேன்.

"பொட்டிக்காரங்க எழுதுனதுலதான் கோளாறு இருக்கும்" என்றார் அவர், சோற்றைப் பிசைந்தபடி. கம்பைலர் எழுதுகிறவர்கள் எல்லோரும் முதலில் சொல்வது இதுதான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தட்டை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். நிறுவனத்தாரிடம் அந்த நிரலை வாங்கி, பழைய கம்பைலரிலும் புதியதிலும் கொடுத்து, வந்த கட்டளைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். பழையதில் மோட்டார் ஓடும்போதெல்லாம் தண்ணீர் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தது. புதியதில் தொடங்கும்போது ஒரே முறை பார்த்ததோடு சரி. தண்ணீர் அளவு வெளியே மாறக்கூடியது, ஒவ்வொரு முறையும் பார் என்று நிறுவனத்தார் ஒழுங்காகத்தான் குறித்திருந்தார்கள். கணவரின் மாற்றம் அந்தக் குறிப்பைக் கண்டுகொள்ளவில்லை. எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

"உங்க மாத்தத்தத் திரும்ப எடுக்கப் போறேன்."

"எடுக்காத. ராத்திரிக்குள்ள நானே சரி பண்ணிர்றேன்."

"சாயங்காலமே அம்புட்டுப் பொட்டிக்கும் போயிரும். அவசரத்துல ஒட்டுப்போட்டு அதுவும் பிசகுனா?"

"புருஷன் செஞ்சதப் பொண்டாட்டி எடுத்தா ஆபீஸ்ல என்ன நெனைப்பாங்க?"

"புருஷன்னு விட்டுவச்சா என்ன நெனைப்பாங்க? போங்க அங்கிட்டு!"

எங்கள் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. மாற்றத்தில் கோளாறு என்றால் யார் வேண்டுமானாலும் அதைத் திரும்ப எடுக்கலாம், எழுதியவரைக் கேட்க வேண்டியதில்லை. முதலில் எடு, பிறகு சண்டை போடு. இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது என்று சொல்லிக்கொள்வோம். சுத்தப் பொய். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஆனாலும் ஆரம்பித்தேன். லேசில் வரவில்லை. அதன்மேல் வேறு மாற்றங்கள் ஏறி உட்கார்ந்திருந்தன. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடறியது. பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"அந்த வரிய விடு, அது முன்னாடியே இருந்தது. அதுக்குக் கீழ பூராம் என்னோடது. எடு."

அவர் சொல்லச் சொல்ல நான் நீக்கினேன். காரணம் எழுதும் இடம் வந்ததும் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்து அவரே எழுதினார்: தண்ணீர் வற்றியது தெரியாமல் மோட்டார் ஓடுகிறது, என் தவறு.

சோதனைகள் எல்லாம் தேறின. நிறுவனத்தார் திருத்திய கம்பைலரில் நிரலை மறுபடி உருவாக்கி, முதலில் அண்ணனின் பெட்டிக்கே அனுப்பினார்கள். அண்ணன் மோட்டாரைப் போட்டுவிட்டு, போனும் கையுமாகக் கிணற்றடியில் நின்றார். இங்கே ஸ்பீக்கரில் மோட்டார் சத்தத்தை இருவரும் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊறியிருந்த கொஞ்சத் தண்ணீரும் தீர்ந்தது. சத்தம் நின்றது.

"நான் தொடல. தானா நின்னுருச்சு" என்றார் அண்ணன்.

கணவர் போனை வாங்கினார். "மச்சான், மத்தியானம் நிக்காம ஓடுனதுக்குக் காரணம் நான்தான். கண்டுபிடிச்சது உங்க தங்கச்சி."

அண்ணன் கொஞ்சம் யோசித்தார். "அப்ப, தங்கச்சிய உங்களுக்குக் கட்டிக் குடுத்தது நல்லதாப் போச்சு மாப்ள."

"ஆமா மச்சான்" என்றார் இவர், என்னைப் பார்த்துக்கொண்டே.